கிளி வாசல்

வீட்டை எடுத்தது அவள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு ஆளாளுக்கு உரிமை கொண்டாடினார்கள். விளம்பரத்தைக் கண்டுபிடித்தது, வீட்டுக்காரம்மாவிடம் போனில் பேசியது, வரைபடத்தை மேசையில் விரித்து ஸ்கேல் வைத்து அளந்தது, எல்லாம் அவள்தான். கோட்டை நகரம், ஆற்று நகரம், துறைமுக நகரம் என்று மூன்று பழைய ஊர்கள். மூன்றுக்கும் நடுவில், வயல்களுக்கிடையே இந்த வீடு. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மணி நேரம். காலையில் போய் ஊரைப் பார்த்துவிட்டு, மாலையில் திரும்பி வந்து நிம்மதியாகக் காலை நீட்டிக்கொள்ளலாம். ஏழு நாள். ஓய்வு பெற்று இரண்டு மாதம்கூட ஆகாத ஒருத்தி தனக்கென்று போட்ட முதல் திட்டம் அது.

அவளும் கணவரும் மட்டும் என்றுதான் ஏற்பாடு. கணவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். நேரம் தவறாதவர், வாயைத் திறக்காதவர். அப்பேர்ப்பட்டவர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறந்து தம்பியிடம் சொல்லித் தொலைத்தார். "அண்ணி, நாங்களும் வர்றோம்" என்று கொழுந்தன் கிளம்பினார். கொழுந்தனின் மனைவி, அதாவது அவளுடைய ஓரகத்தி, தன் அண்ணனையும் அண்ணன் மனைவியையும் சேர்த்துக்கொண்டாள். ஆக ஆறு பேர். கார் ஒன்று. அதில் இடம் ஐந்து.

கொழுந்தனுக்குக் குடும்பத்தில் 'அட்டவணை' என்று பட்டப்பெயர். வந்து இறங்கிய அன்றே பெட்டியைக்கூடப் பிரிக்காமல் ஒரு தாளில் கோடு போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். எந்த நாள் எந்த ஊர், எத்தனை மணிக்கு எந்தக் கோபுரம், எங்கே நின்று படம் எடுப்பது என்பதுவரை அதில் இருந்தது. ஐந்து பேருக்கு நேரே ஊர்ப் பெயர்கள். அவளுக்கு நேரே மட்டும் மேலிருந்து கீழ்வரை 'வீடு', 'வீடு', 'வீடு'.

"தொட்டி ரொம்பினா மோட்டாரை நிறுத்த ஒரு ஆள் வேணும் அண்ணி. வீட்டுக்காரம்மா கண்டிஷனா சொல்லிட்டாங்க. கரண்டு பத்து மணிக்குத்தான் வருது. அதுவரைக்கும் எல்லாரும் உக்காந்திருந்தா ஊரு எப்பப் பாக்கறது?"

"அக்கா பாத்துப்பாங்க, நீங்க ஏன் கவலைப்படறீங்க" என்றாள் ஓரகத்தி.

பார்த்துப்பாங்க. அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. மாமனாரின் மருந்தா, பார்த்துப்பாங்க. கொழுந்தன் கல்யாணத்துக்கு வந்த கூட்டமா, பார்த்துப்பாங்க. அவள் தொழிலும் அதேதான். ஒரு பதிப்பகத்தில் முப்பது வருடம் ப்ரூஃப் பார்த்தாள். பிறர் எழுதியதைப் பார்த்தாள், பிறர் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். ஊர் உலகத்தை மட்டும் பார்த்ததில்லை.

ஆனாலும் அவள் முதல் நாள் சண்டை போடவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "ஆத்துக்குப் போங்க, துறைமுகத்துக்குப் போங்க. கோட்டைக்குப் போற அன்னைக்கு நான் வருவேன். அன்னைக்கு வேற யாராவது வீட்டுல இருங்க."

"அதுக்கென்ன அண்ணி, பேஷா" என்றார் அட்டவணை. தாளில் மட்டும் திருத்தவில்லை. திருத்தாத தாளைப் பார்த்தபோதே அவளுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

கோட்டை நகரம் ஏன் என்றால், அங்கே அவளுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், இந்த மூன்று ஊர்களையும் பற்றி ஒரு சரித்திர வாத்தியார் எழுதிய கையேடு ப்ரூஃபுக்கு வந்தது. வாத்தியார் பெரிய அறிவாளி. ஆனால் 'ள' என்ற எழுத்தோடு அவருக்கு ஜென்மப் பகை. அது வர வேண்டிய இடத்திலெல்லாம் 'ல' போட்டிருந்தார். அவருடைய ஆற்றில் மழைக்காலத்தில் வெல்லம் பெருக்கெடுத்தது. அவருடைய வீரர்கள் வாலேந்திப் போருக்குப் போனார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க, அவள் ஒவ்வொன்றாகச் சிவப்பு மையில் திருத்திக்கொண்டே போனாள். போகிற போக்கில்தான் அந்த வரி வந்தது. 'ஆகவே இது கிலி வாசல் எனப் பெயர் பெற்றது.' இதுவும் அதே கேஸ்தான் என்று 'கிளி' ஆக்கினாள்.

அத்தோடு விட்டாளா? அந்த வரிக்கு முந்தைய வரி, வாசலின் கூரைத் துளைகள் வழியாக எதிரிகள்மேல் கொதிக்கும் எண்ணெயை ஊற்றியதைப் பற்றியது. எண்ணெய் ஊற்றினார்கள், ஆகவே கிளியா? பொருந்தவில்லை. அடுத்த பத்தியில் அரசனுடைய தோட்டமும் அதிலிருந்த பறவைகளும் வந்தன. வரி இடம் மாறி வந்துவிட்டது போல என்று, அதைத் தூக்கித் தோட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். ப்ரூஃப் பார்ப்பவர்களுக்கு அந்த உரிமை கிடையாது. வாத்தியாரைக் கேட்டிருக்க வேண்டும். வாத்தியார் அதற்கு இரண்டு வாரம் முன்பு இறந்துபோயிருந்தார், புத்தகமோ மெஷினில் ஏறக் காத்திருந்தது.

புத்தகம் வந்தது, விற்றது, மறுபடி மறுபடி வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு வாசகர் கடிதம் போட்டார். 'கிளி வாசலில் அரை நாள் தேடினோம். கல்லில் செதுக்கிய கிளி ஒன்றுகூட இல்லையே?' மேனேஜர் அதை உரக்கப் படித்துவிட்டு, "பறந்துபோயிருக்கும்னு பதில் போடுங்க" என்றார். ஆபீஸே சிரித்தது. அவளால் சிரிக்க முடியவில்லை. நூறு இடத்தில் தப்பாக எழுதிய மனிதர் ஒரே ஒரு இடத்தில் சரியாக எழுதியிருந்தால்? பழைய கையெழுத்துப் பிரதியும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. வாயால் சொல்லும்போது லவுக்கும் ளவுக்கும் வித்தியாசம் பார்ப்பவர் யார்? நேரில் போய்ப் பார்ப்பது ஒன்றுதான் வழி. இப்போது எட்டாம் பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் இருக்கும் ஃபாரம், அதாவது பதினாறு பக்கத் தாள், வருகிற திங்கட்கிழமை மெஷினில் ஏறுகிறது. அதற்குள் தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் வீடு, அதற்காகத்தான் ஸ்கேல் வைத்து அளந்தது எல்லாம்.

ஐந்தாம் நாள் கோட்டை. அன்று காலை ஆறு மணிக்கே அவள் புடவை கட்டி, கைப்பையில் கையேட்டை வைத்துத் தயாராகிவிட்டாள். எல்லாருக்கும் டீ போடப் பால் இல்லை. வயல் பாதை முனையிலிருந்த பால் பூத்துக்கு நடந்துபோய் வாங்கிக்கொண்டு திரும்பினால், வாசலில் காரைக் காணோம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு. 'அண்ணி, வெயிலுக்கு முன்னாள் போகளாம் என்று கிளம்பிவிட்டோம். மோட்டார்!!'

அவள் கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்து 'போகலாம்' என்று திருத்தியது. 'முன்னாள்' என்பதை 'முன்னால்' ஆக்கியது. இரண்டு ஆச்சரியக்குறியில் ஒன்றை அடித்தது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. வந்த கோபத்தில் பால் பாத்திரத்தை மேடைமேல் வைத்த வேகத்துக்குப் பாதிப் பால் தரையில் கிடந்தது. துடைக்க ஆளில்லை. அவளே துடைத்தாள், அழுதுகொண்டே துடைத்தாள், மோட்டாரையும் நேரத்துக்கு நிறுத்தினாள். நிறுத்திவிட்டோமே என்று அதற்கும் ஒரு பாட்டம் அழுதாள்.

சாயங்காலம் ஐவரும் வெயிலில் கறுத்து, சிரித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். "அண்ணி, சூப்பர் ஊரு! நீங்க சொல்லுவீங்களே அந்தக் கிளி வாசல், அதையும் பாத்துட்டோம்" என்றார் அட்டவணை. கணவர் ஒரு பச்சை மரக்கிளியைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தார்.

"வாசல்ல கிளி எங்க இருந்துச்சு? கல்லுல செதுக்கியிருந்தாங்களா?" என்று அவரை மட்டும் கேட்டாள்.

"போர்டுல இருந்துச்சு."

"உள்ள போனீங்களா?"

"உள்ள ஒரே இருட்டு. போர்டுக்கு முன்னாடி நின்னு படம் எடுத்தோம். உனக்கும் சேத்துத்தான் நான் பாத்துட்டு வந்துட்டேனே."

அவள் பதில் பேசவில்லை. முப்பத்தொரு வருடம் குடித்தனம் செய்த மனிதர் அவர். அவள் பேசாமலிருந்தால் சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வது அவருடைய பழக்கம். அன்றும் அப்படியே நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தார்.

ஆறாம் நாள் அட்டவணைப்படி துறைமுகம், இரண்டாம் தடவையாக. ஓரகத்தியின் அண்ணனுக்குக் கப்பல் படம் சரியாக விழவில்லையாம். ஏழு மணிக்குத் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக எல்லாரும் வெளியே வந்தபோது, காரின் முன் இருக்கையில் அவள் உட்கார்ந்திருந்தாள். சீட் பெல்ட் போட்டிருந்தாள். கைப்பை மடியில். அடுப்பு பற்ற வைக்கப்படவில்லை. டீ இல்லை, டிபன் இல்லை.

"அண்ணி, என்ன இது?" என்று அட்டவணை கண்ணாடியைத் தட்டினார்.

அவள் கண்ணாடியை நாலு விரல் இறக்கினாள். "கோட்டைக்குப் போறேன்."

"நேத்துதானே போயிட்டு வந்தோம்!"

"நீங்க போனீங்க. நான் பால் வாங்கப் போனேன்."

"அக்கா, இதுக்கெல்லாமா கோவிச்சுக்குவாங்க? ஒரே வாசல், ஒரு போர்டு. அவ்ளோதான்கா. வீட்டை யாரு பாத்துக்கறது?" என்று ஓரகத்தி குனிந்தாள்.

"வீட்டை நான் அஞ்சு நாளா பாத்தாச்சும்மா. நல்ல வீடு. நாலு ஜன்னல், ரெண்டு ஓட்டை. இன்னைக்கு நீங்க பாருங்க."

"மோட்டார்?"

"தொட்டி ரொம்பினா சத்தம் கேக்கும். காது எல்லாருக்கும் இருக்கு."

அட்டவணைக்கு முகம் சிவந்தது. "அண்ணி, ஒருத்தருக்காக நாலு பேரோட பிளானைக் கெடுக்கலாமா? இறங்குங்க."

"மாட்டேன்."

"அண்ணா, நீங்களாவது சொல்லுங்க."

எல்லாரும் கணவரைப் பார்த்தார்கள். சாவி அவர் கையில் இருந்தது. காரை ஓட்டுவது அவர் ஒருவர்தான். அவர் தம்பியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கண்ணாடிக்குள் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் கண்ணீரும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

"தம்பி, வீட்டை எடுத்தது யாருங்கறதை மறந்துட்டீங்க" என்று அவள் சொன்னாள். "நான் உங்களை வாங்கன்னு கூப்பிடலை. வந்தீங்க, சந்தோஷம், சமைச்சுப் போட்டேன். ஒரே ஒரு நாள் கேட்டேன். அதையும் திருடிட்டுப் போனீங்க. இன்னைக்கு இந்த வண்டி கோட்டைக்குப் போகும், இல்லைன்னா எங்கயும் போகாது. நான் சாயங்காலம் வரைக்கும் இங்கயே உக்காந்திருப்பேன். எனக்குப் பசியும் தாங்கும், வெயிலும் தாங்கும்."

கணவர் சுற்றி வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொண்டார். ஏறியவர் மற்ற நால்வரையும் கூப்பிடவில்லை. கார் பாதை முனையில் திரும்பும்போது அட்டவணை தொப்பியோடு நடுவழியில் நின்றுகொண்டிருந்தார்.

பாதி தூரம் வந்தபிறகு கணவர் மெல்லச் சொன்னார். "நேத்து காலையில, அவ வரட்டும்னு சொன்னேன். தம்பி கேக்கலை."

"எத்தனை தடவை சொன்னீங்க?"

"ஒரு தடவை."

"அது சொன்னதுல சேராது" என்றாள் அவள்.

கோட்டை நகரத்தின் தெருக்கள் குறுகலானவை. காரைச் சந்தையோரம் நிறுத்திவிட்டு நடந்தார்கள். கையேட்டில் எழுதியிருந்தபடியே மூன்றாவது கிணற்றைத் தாண்டி வலப்பக்கம் திரும்பியதும் வாசல் வந்தது. ஒவ்வொரு வளைவும் அவளுக்கு மனப்பாடம். முதல் முறையாக வரும் ஊரில் வழி கேட்காமல் நடக்கும் மனைவியைக் கணவர் இரண்டடி பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார்.

வாசலுக்கு மேலே பெரிய போர்டு. பச்சைக் கிளி, சிவப்பு மூக்கு, 'கிளி வாசல்'. அதன் கீழே ஒருவர் கடை விரித்து மரக்கிளி, துணிக்கிளி, விசில் கிளி என்று விற்றுக்கொண்டிருந்தார். பத்துப் பேர் கொண்ட கூட்டத்துக்கு வழிகாட்டி ஒருவர் குடையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ராணியின் செல்லக்கிளி ஒன்று இந்த வாசல் வழியாகப் பறந்துபோனதாம், ராணி ஏழு நாள் சாப்பிடவில்லையாம். அவள் போட்ட ஒற்றை எழுத்து வளர்ந்து, கடையும் கதையுமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"இங்கயே இருங்க. நான் தனியா உள்ள போறேன்" என்று கணவரிடம் சொன்னாள்.

உள்ளே பாதை நேராகப் போகவில்லை. பத்தடி போய் இடப்பக்கம் முறிந்தது. வெளிச்சம் அங்கேயே நின்றுவிட்டது. சுவர்கள் இரண்டும் தோளை உரசும் அளவுக்கு நெருங்கின. ஒரு நேரத்தில் ஒருவர்தான் நடக்கலாம். தரை கீழ்நோக்கிச் சரிந்தது. அவளுடைய காலடிச் சத்தம் சுவரில் மோதி, யாரோ பின்னால் வருவதுபோலத் திரும்பி வந்தது. நின்றாள். அதுவும் நின்றது. தலைக்கு மேலே கை அகலத் துளைகள் வரிசையாக இருந்தன. அவற்றின் வழியே பிசுபிசுவென்று ஏதோ ஒரு சொட்டு அவள் கழுத்தில் விழுந்தது. வெறும் தண்ணீர்தான். ஆனால் அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி நெஞ்சுவரை வந்தது, திரும்பி ஓடலாம் என்றால் இடமில்லை. ஐம்பத்தெட்டு வயதில், பட்டப்பகலில், சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் நடுங்கினாள்.

அவளைக் கிலி பிடித்திருந்தது.

அந்த வார்த்தைதான். வேறெந்த வார்த்தையும் இல்லை. எண்ணெய் ஊற்றினார்கள், ஆகவே. வாத்தியார் இங்கே வந்து, இதே இருட்டில் நின்று, நடுங்கி, போய் எழுதியிருக்கிறார். வரியும் சரியான இடத்தில்தான் இருந்தது, எழுத்தும் சரியான எழுத்துதான். கெடுத்தவள் அவள். இருட்டில் அவள் வெட்கப்பட்டாள். அதற்கப்புறம், வெட்கத்தோடேயே, இத்தனை வருடம் உறுத்திய முள் கழன்ற நிம்மதியில் கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள்.

வெளியே வந்தபோது ராணி ஏழாம் நாள் பட்டினியில் இருந்தாள்.

"ஐயா, ஒரு நிமிஷம். இது கிளி இல்லை. கிலி. பயம்ங்கற கிலி. உள்ள போய்ப் பாத்தீங்கன்னா தெரியும்" என்றாள்.

வழிகாட்டி பொறுமையாகப் புன்னகைத்தார். "அம்மா, கையேட்டுலயே கிளின்னுதான் போட்டிருக்கு."

"அந்தக் கையேட்டுல போட்டதே நான்தான். எழுதினவர் சரியாத்தான் எழுதினார். நான் தப்பாத் திருத்திட்டேன்."

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். கடைக்காரர் எழுந்து வந்தார். "என்னம்மா இது, என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடறீங்களே! இத்தனை வருஷமா கிளி வித்துட்டிருக்கேன். பயத்தை எப்படிம்மா விக்கறது?"

"கிளியே வில்லுங்க. நான் வேணாங்கலை. ஆனா பேரு கிலிதான்."

கணவர் அவள் முழங்கையைத் தொட்டார். "போதும் வா. யாருக்குத் தெரியப்போகுது, விட்டுடு. எழுதினவரும் போய்ச் சேந்துட்டாரு."

"அவர் இருந்தா அவரே சொல்லியிருப்பார். இல்லாததுனாலதான் நான் சொல்ல வேண்டியிருக்கு" என்று கையை விடுவித்துக்கொண்டு, அங்கேயே, கிளிகளுக்கு நடுவில் நின்று மேனேஜருக்குப் போன் போட்டாள்.

மேனேஜர் முழுவதையும் கேட்டார். பிறகு சிரித்தார். "அம்மா, ஓய்வு எடுக்கப் போன இடத்துலயும் ப்ரூஃபா? ஏழு பதிப்பு கிளியா வந்தாச்சு. ஜனங்களுக்கும் கிளிதான் பிடிச்சிருக்கு. அப்படியே இருக்கட்டும்."

"மாத்துங்க. வரியையும் பழைய இடத்துக்கே கொண்டுபோங்க, எண்ணெய்க்குக் கீழ."

"சரி, சத்தமில்லாம மாத்திடலாம்."

"சத்தமில்லாம மாத்தக் கூடாது. கீழ ஒரு குறிப்புப் போடணும். எழுதிக்கிறீங்களா? 'இதற்கு முந்தைய பதிப்புகளில் கிளி வாசல் என்று வந்தது தவறு. ஆசிரியர் கிலி வாசல் என்று சரியாகவே எழுதியிருந்தார். தவறாகத் திருத்தியது நான்.'"

"'நான்'னா யாரும்மா? ப்ரூஃப் பார்த்தவங்க பேரை எந்தப் புக்குலம்மா போடறாங்க? வாத்தியார் தப்புன்னு நினைச்சுட்டுப் போகட்டும், அவர் என்ன வந்து கேக்கவா போறார்?"

"என் பேரைப் போடுங்க. போடலைன்னா அந்த வாசகருக்கு நானே கடிதம் எழுதுவேன், பத்திரிகைக்கும் எழுதுவேன். ஃபாரம் திங்கக்கிழமை ஏறுது. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

வழிகாட்டி குடையை இறக்கிவிட்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். போனில் ஒரு பெருமூச்சும் தாள் புரளும் சத்தமும் கேட்டன. "சரி, சொல்லுங்க, எழுதிக்கறேன்."

சொன்னாள்.

"உங்க பேர்ல..." மேனேஜர் தயங்கினார். முப்பது வருடம் அதே ஆபீஸில், எதிர் மேசையில் இருந்த மனிதர். "உங்க பேர்ல கடைசில வர்றது சின்ன லவா, குண்டு ளவா?"

"குண்டு ள" என்றாள் அவள், தெருவுக்கே கேட்கும்படியாக. "இப்ப எழுதினதை ஒவ்வொரு எழுத்தாப் படிச்சுக் காட்டுங்க."